ரத்தம் கொதிக்கவில்லை

தனம்,

முதலில் பிள்ளையை எடுத்து மாரில் போட்டுக்கொள். பிறகு படி.

இது நீளமான கடிதம். வாசலில் ரிக்ஷா நிற்கும். அதை அனுப்பிவிட வேண்டாம் என்று இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முதல் பக்கத்தை மட்டும் வீட்டில் படித்துவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அம்மாவோடு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மீதியை அங்கே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். எப்படியும் கொஞ்ச நேரம் காக்க வேண்டியிருக்கும். தீட்டுக் கழியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று உன் மாமியார் சொல்வார்கள். அந்தத் தீட்டையும் பாவத்தையும் அப்பா ஏற்றுக்கொண்டார் என்று சொல்லிவிட்டு ஏறு. தலைவலியோடு கண் முன்னால் மத்தாப்புப் பொரி மாதிரி ஏதாவது பறந்தாலோ, பார்வை மங்கினாலோ, மார்க்குழிக்குக் கீழே வலித்தாலோ, முகமும் கையும் வீங்கியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரிக்ஷாவில் ஏறும்வரைகூடப் பேசிக்கொண்டு நிற்காதே. பிரசவ ஜன்னி இப்படித்தான் சொல்லிவிட்டு வரும். வந்த பிறகு யாராலும் சுலபமாகப் பிடித்து நிறுத்த முடியாது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்று உன் கடிதமே சொல்கிறது. அதைப் படித்ததிலிருந்து நானும் நலமாக இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் உன் கடிதத்தைப் பிரித்தேன். பிள்ளை பிறந்து பதிமூன்று நாள், நாலு நாளாகப் பிடரியிலிருந்து நெற்றிவரை விடாத தலைவலி, சுக்குப் பற்றுப் போட்டும் கேட்கவில்லை, மாப்பிள்ளை மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரை வீட்டுக்கே அழைத்து வந்தார், அவர் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு ரத்தக் கொதிப்பு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அதுவரை சாதாரணப் பயத்தோடுதான் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். 'கொதிக்கிற ரத்தத்தில் ஊறுகிற பால் பிள்ளைக்கு ஆகாது என்று அத்தை நேற்று முதல் டின் பால் கரைத்துக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கும் இப்படி வந்து, பாலை நிறுத்தியதால்தான் அவள் பிழைத்தாள் என்று நீங்கள் சொல்வீர்களே, அதை நான்தான் அத்தையிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் பதினாறாம் நாள் தீட்டுக் கழிந்து போகலாம் என்கிறார்கள். மார் கல்லாகக் கட்டி வலிக்கிறது. பிள்ளை அழுகிறான். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே அப்பா, என்ன செய்ய என்று எழுதுங்கள்' என்று இருந்தது. நான் சொன்ன பொய் உன் கையெழுத்தில் எனக்கே திரும்பி வந்திருந்தது.

ஆம், பொய்தான். பாலை நிறுத்தியதால் உன் அம்மா பிழைக்கவில்லை. பாலை நிறுத்தச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. இதை இன்று எழுதாவிட்டால் உன் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உன் அம்மா சமையலறையில் கூடை கட்டிக்கொண்டிருக்கிறாள், எட்டரை மணி ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் இருபத்துநாலு வருஷத்தை எழுதி முடிக்க வேண்டும்.

உனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான் என்று உனக்குத் தெரியும். முருகையா என்று பெயர் வைத்திருந்தோம். மாந்தத்தில் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். அப்போது நான் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதும் கிராணியாகச் சேர்ந்து மூன்று வருஷம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இங்கிலீஷ் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. தந்தி வந்தால் என்னிடம் ஓடி வருவார்கள். கோர்ட்டுக் காகிதம் வந்தால் என் வீட்டு வாசலில் செருப்புகள் கிடக்கும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் காக்க வைத்து, பிறகுதான் படித்துச் சொல்வேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது சரக்குச் சீட்டு இங்கிலீஷ். இத்தனை மூட்டை, இன்ன வண்டி, சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் வெள்ளைக்காரன் வேகமாகப் பேசினால் நடுநடுவே நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். தலையை மட்டும் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டிருப்பேன். ஆபீசில் அது எப்படியோ ஓடியது.

முருகையா வீட்டிலேயேதான் பிறந்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா பார்த்துக்கொண்டாள். அந்த வரிசையில் எந்த வீட்டில் பிரசவமானாலும் அவள்தான். பத்தாம் நாள் உன் அம்மாவுக்குத் தலைவலி தொடங்கியது. காதில் குளிர் ஏறிவிட்டது என்று அக்கா தலையைச் சுற்றித் துணி கட்டினாள். தண்ணீர் கேட்டால் பச்சை உடம்பு என்று அரை டம்ளர் வெந்நீருக்கு மேல் கொடுக்கவில்லை. கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிள்ளை பெற்றவள் பூரித்திருக்கிறாள் என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது உன் அம்மா என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்றேன். "கண்ணுக்கு முன்னால மத்தாப்பு கொளுத்துன மாதிரி இருக்குங்க. உங்க மூஞ்சி பாதிதான் தெரியுது" என்றாள். பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவளை ரிக்ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்.

அங்கே வெள்ளைக்கார லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். பக்கத்தில் ஒரு தமிழ் நர்ஸ் நின்றாள், இருபது வயதுதான் இருக்கும். டாக்டர் பேச வாயைத் திறந்ததுமே அவள் முன்னால் வந்து, "நான் சொல்றேங்கய்யா, அம்மாவுக்கு" என்றாள். "வேணாம்மா, எனக்கு இங்கிலீஷ் தெரியும். நீ ஒன் வேலயப் பாரு" என்றேன். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய் வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள். தனம், நான் என் வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கடவுள் வரம் கொடுத்தால் அதைத்தான் கேட்பேன்.

டாக்டர் உன் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பட்டையிலிருந்து ஒரு குழாய் போய் வட்டமான ஒரு கருவியில் முடிந்தது. அதற்குள் எண்களும் ஒரு முள்ளும். அது என்னவென்று எனக்குத் தெரியாதா? லோக்கோ ஷெட்டில் ஒவ்வொரு என்ஜினிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. கரி அள்ளிப் போட்டு பாய்லரில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அந்த முள் மேலே ஏறும். 'பிரஷர் ஏறிருச்சு' என்பான் டிரைவர். டாக்டர் அந்த முள்ளைப் பார்த்துவிட்டு என்னிடம் பிளட் பிரஷர் என்றார், ரொம்ப அதிகம் என்றார். எனக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாகப் புரிந்துவிட்டது. உன் அம்மாவின் பக்கம் திரும்பி, "ஒனக்கு ரத்தம் கொதிக்குதாம்" என்றேன். வேறு யாராவது அந்தச் சொல்லை எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம், இப்போது எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வரிசையில் அது என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. பிரஷர் என்றால் அழுத்தம். குழாய்க்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடுவது போல ரத்தம் குழாயில் முட்டுகிறது, அவ்வளவுதான். சூடு என்பதே அதில் கிடையாது. பச்சைத் தண்ணீரும் குழாயில் முட்டத்தான் செய்யும். இது எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆயிற்று.

டாக்டர் நிறுத்தவில்லை, நிறையச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நாலு நாள் இங்கேயே படுக்க வேண்டும் என்பது புரிந்தது. உப்பு என்று ஒரு சொல் வந்தது, தண்ணீர் என்று வந்தது, பால் என்று வந்தது, பேபி என்று இரண்டு தடவை வந்தது. அவற்றுக்கு நடுவில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. புரிந்ததா என்று கடைசியில் கேட்டார். "எஸ் டாக்டர்" என்றேன். அந்த நர்ஸ் எதிர்க் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பினால் முருகையா பாலுக்கு வீரிட்டுக்கொண்டிருந்தான். பாக்கியம் அக்கா அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். ரத்தக் கொதிப்பு என்று நான் சொன்னதும் தட்டுவதை நிறுத்தினாள். "பாலு எங்கேருந்து வருது கிராணியாரே? ரத்தத்துலேருந்துதானே? ரத்தம் கொதிச்சா பாலு சும்மா இருக்குமா? புள்ளய அங்க கொண்டு போயி குடுக்கவா, வேணாமா? டாக்டரம்மா என்னா சொன்னாங்க?" என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் கொடுத்த சொல்லை வைத்து யாராயிருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். எனக்குத் தெரியாது அக்கா, நான் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ரிக்ஷாக்காரன்கூட இன்னும் போகவில்லை. நாலு வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் இங்கிலீஷ் தெரிந்த கிராணி, டாக்டர் சொன்னது புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? "கூடாதாம்" என்றேன்.

'கூடாது' என்று சொல்லியிருந்தால் அது என் அபிப்பிராயம். அக்கா என்னோடு வாதாடியிருப்பாள், அவள் பெற்றது ஐந்து. ஆனால் 'கூடாதாம்' என்று கடைசியில் ஓர் 'ஆம்' சேர்த்தேன் பார், அதோடு அது டாக்டர் வாக்காகிவிட்டது. அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் சொல்லாததை அவர் தலையில் கட்ட நம் பாஷையில் அந்த இரண்டெழுத்துச் சங்கதி போதும். அன்றைக்கு மத்தியானமே பாசாருக்குப் போய் டின் பாலும், ரப்பர் குழாய் வைத்த சீசாவும் வாங்கி வந்தேன். நல்ல சீசா, விலை உயர்ந்தது என்று அக்காவிடம் காட்டினேன்.

வார்டில் நாலு நாளும் உன் அம்மாவுக்குப் பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனைந்தது. அந்த நர்ஸ் பெண் அவளிடம், "புள்ளய ஏம்மா இன்னும் கொண்டாரல?" என்று கேட்டிருக்கிறாள். "டாக்டரம்மாதான் வேணாம்னுட்டாங்களாமே" என்று இவள் சொல்லியிருக்கிறாள். தன்னை நான் விரட்டிய பிறகு டாக்டர் என்னிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பெண்ணும் விட்டுவிட்டாள். நாலாம் நாள் முள் இறங்கியது. இருட்டாக்கிய மூலையில் படுத்த ஓய்வும் அவர்கள் கொடுத்த மருந்தும்தான் உன் அம்மாவைப் பிழைக்க வைத்தன. பாலை நிறுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கு வந்தபோது பால் வற்றத் தொடங்கியிருந்தது. முருகையாவுக்கு அந்தச் சீசா ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பர் குழாய்க்குள் பழைய பால் ஒட்டிக்கொண்டு புளித்திருந்ததை யாரும் பார்க்கவில்லை, குழாய்க்குள் எப்படிப் பார்ப்பது? பேதி கண்டது, நின்றது, மறுபடியும் கண்டது. நாற்பத்தேழாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா அழவில்லை. என்னிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: "தெரியாம நான் குடுத்தேனே பன்னண்டு நாளு, அந்தப் பாலுதாங்க அவன் கொடல வேக வச்சிருச்சு." நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது எனக்கும் நிஜம் தெரியாது, அதனால் அந்த மௌனத்தை என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அதற்குப் பிறகு வந்ததைத்தான் முடியவில்லை.

மூன்று வருஷம் கழித்து நீ பிறந்தாய். இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே பிரசவம். மறுநாளே முள் ஏறியிருந்தது. அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் முதல் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். எப்படி என்றார். நான் முதல்முறையாக வெட்கத்தை விட்டு, மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். பாலை ஏன் நிறுத்தினீர்கள், பிள்ளையை இங்கேயே கொண்டுவரச் சொன்னேனே, பால் நன்றாக இருக்கிறது, கொடுக்கக் கொடுக்கத்தான் ஊறும் என்று சொன்னேனே, நீங்கள் தலையை ஆட்டினீர்களே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அப்போது பக்கத்துக் கட்டிலில் அம்மாவின் கையணைப்பில் இருந்தாய், அவள் உன்னை மாருக்குக் கொண்டுபோகாமல் பயந்து பயந்து தள்ளிப் பிடித்திருந்தாள். "என்னா சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இந்தத் தடவ ரத்தம் ஆறிப்போச்சாம். பாலு குடுக்கலாமாம்" என்றேன். மறுபடியும் இரண்டு 'ஆம்'. முதல் தப்பு அறியாமல் செய்தது, இது அறிந்தே செய்தது. ரத்தம் ஒன்றும் ஆறவில்லை தனம், முள் மேலேதான் நின்றது. முள் மேலே நின்றுகொண்டிருந்தபோதே நீ குடித்தாய், பத்து நாளில் கன்னம் வைத்தாய். உன் மாமியாருக்கு ஒரு சாட்சி வேண்டுமானால் நீயே போதும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய பொய்யைக் கட்டினேன், பாலை நிறுத்தியதால் அம்மா பிழைத்தாள் என்று. யாராவது முருகையாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அதைச் சொல்லி வாயை அடைப்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பாதி நிஜமாகிவிட்டது. உனக்கும் சொல்லி வளர்த்தேன்.

பொங்கலன்று பால் பொங்கும்போது உன் அம்மா ஏன் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள் என்று சின்ன வயதில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? அடுப்புப் புகை அவளுக்கு ஆகாது என்றேன். நீ அதை வைத்து அவளை வருஷா வருஷம் கேலி செய்வாய். "பொகைக்குப் பயந்த பொம்பள எப்டிம்மா தெனம் சமைக்கிற?" என்பாய். அவளும் சிரித்துவைப்பாள். பால் கொதித்து மேலே வருவதை அவளால் பார்க்க முடியாது, தனம். பானை பொங்கிப் பொங்கலோ பொங்கல் என்று நாம் கூவி முடிந்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவாள். நான் பானைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இருபத்துநாலு வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சமையலறையிலிருந்து, "இம்புட்டு நேரமா என்னத்தங்க எழுதுறீங்க? ரயிலு நமக்காவ நிக்குமா?" என்கிறாள். ஆஸ்பத்திரி விஷயம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உனக்குத் தலைவலி என்றும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும்தான் அவளுக்குத் தெரியும். பாலை நிறுத்தியதைச் சொல்லவில்லை. கூடையில் சுறாக் கருவாடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாள், பால் ஊறுவதற்கு. அதைத் தொடாதே. உப்பைக் குறை என்று டாக்டர் அன்றே சொன்னார், நான்தான் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். பெரிய சொல்லைப் பிடித்துக்கொண்டு சின்னச் சொற்களையெல்லாம் விட்டேன், எல்லாமே அந்தச் சின்னச் சொற்களில்தான் இருந்தது. கருவாட்டை எடுத்து வெளியே வை என்று அவளிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத் தைரியம் இருந்தால் நான் ஏன் கடிதம் எழுதுகிறேன்?

ஆஸ்பத்திரியில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். ஐந்து நாளாகத் தலைவலி, பிள்ளை பிறந்து பதிநாலு நாள், டிரஸ்ஸர் பார்த்தார் என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிடு, உன் முறை வரட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருக்காதே. படுக்கச் சொன்னால் பிள்ளையோடு படு. மருந்து எதைக் கொடுத்தாலும், இதைச் சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா என்று அந்த மருந்தைக் காட்டியே கேள். எதற்காவது கூடாது என்றால் அதை டாக்டர் வாயால் கேள், எத்தனை நாளைக்கு என்றும் கேள். கடையில் விற்கிற தலைவலிப் பொடியைக் கேட்காமல் வாயில் போடாதே. தண்ணீரைக் குடி, பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் அதிலும் தலை வலிக்கும். பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு, வந்தவர்கள் வருத்தப்பட்டால் படட்டும். மார் கட்டியிருப்பதால் முதலில் அவன் பிடிக்கத் திணறுவான், கொஞ்சம் பீய்ச்சி விட்டுவிட்டுக் கொடு. குறைந்திருந்தாலும் பயப்படாதே, அவன் உறிஞ்ச உறிஞ்ச வரும். தலைவலி விட்டுவிட்டது என்று நீயாக எழுந்து வந்துவிடாதே. போகலாம் என்று அவர்கள் சொல்லும்வரை இரு.

மாப்பிள்ளை துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தால் அவரிடமும் ஒன்று சொல். அவருக்கும் என்னைப் போலக் கிராணி இங்கிலீஷ்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் பேசும்போது தலையை ஆட்ட வேண்டாம். புரியவில்லை என்று சொன்னால் மாமனார் வீட்டில் மரியாதை குறையாது. தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி முன்னால் வந்தால் எழுந்து நின்று அவளுக்கு இடம் கொடுக்கச் சொல்.

நான் ஏன் கூட வரவில்லை என்று நினைப்பாய். சனிக்கிழமை, மத்தியானம்வரை ஆபீஸ் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். லீவு கேட்டால் கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. அவள் இதைக் கேட்கும்போது என் முகம் அங்கே இருக்கக் கூடாது என்று நினைத்தேன், அவளுக்காக அல்ல, எனக்காக. சாயங்கால ரயிலில் வருவேன். அதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நீதான் படித்துக் காட்ட வேண்டும். உன் மேல் இப்படி ஒரு பாரத்தைப் போடுகிறேனே என்று எனக்குக் கூசுகிறது. ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நீ படித்தால், அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்கலாம். அப்படிக் கேட்டால் நம்புவாள் என்று தோன்றுகிறது. என்னை என்ன சொன்னாலும் அவள் சொல்லட்டும், நீ சமாதானம் பண்ணாதே. என்னோடு பேசமாட்டேன் என்றாலும் சரி, கிள்ளானிலேயே இருந்துகொள்கிறேன் என்றாலும் சரி.

இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்க முடியாமல் போனால், கீழே இருக்கிறதை மட்டுமாவது படித்துக் காட்டு. அந்த லேடி டாக்டர் அன்றைக்கு உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னது இது. அவர் இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் மனத்தில் வைத்திருக்கிறேன். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. இருபத்துநாலு வருஷம் பிந்தி மொழிபெயர்த்துத் தருகிறேன்.

'பயப்படாதே அம்மா. நீ நாலு நாள் இங்கே படுத்திரு. உப்பைக் குறைத்துக்கொள், தண்ணீர் குடி. உன் பிள்ளையை இங்கே கொண்டுவரச் சொல். உன் பாலில் ஒரு குறையும் இல்லை.'

அப்பா